கண்ணாடிப் பெட்டி காலி

பிலோமினம்மாள் ஒரு வருஷமாக வேண்டிக்கொண்டிருந்த நாள் கடைசியில் விடிந்தே விட்டது. ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துப் புதன்கிழமை. இன்றைக்குத்தான் மூத்தவன் அலெக்சாண்டர் வீட்டுக்கு வருகிறான்.

எங்கிருந்து வருகிறான் என்று வாராவாரம் நம்மோடு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்துகொள்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அலெக்ஸ் ஹெராயின் புகைக்கு அடிமைப்பட்டுப் பிடிபட்டவன். போன தவக்காலத்தில் அதிகாரிகள் வந்து அழைத்துப் போய் டிஆர்சி எனப்படும் போதை மறுவாழ்வு நிலையத்தில் சேர்த்தார்கள். ஆங் மோ கியோவில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடி புளோக்கில் "டிஆர்சி பையன் வீடு எது" என்று கேட்டால் விளையாடுகிற பிள்ளைகள்கூடக் கை காட்டிவிடும். அப்படி ஒரு பேர் எடுத்தாயிற்று.

அப்பா அருளானந்தம் பள்ளிக்கூடம் ஒன்றில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. ஓஃபிர் ரோடு கோவிலில் ஞாயிறு தவறாமல் வேத வாசகம் படிப்பவர். மகன் பிடிபட்ட ஞாயிறும் படித்தார், குரல் நடுங்கவில்லை. வீட்டில்தான் மாதக்கணக்கில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வாரம் பங்குச் சாமியாரே வந்து உட்கார்ந்து மன்றாடியதால் மகனைச் சேர்த்துக்கொள்ள இணங்கினார். இணங்கிய கையோடு ஒரு நிபந்தனையும் போட்டார்.

காலையில் வெள்ளைச் சட்டையைப் பொத்தானிட்டுக்கொண்டே அதை இன்னொரு தடவை சொன்னார்.

"பிலோமி, ஞாபகம் இருக்கட்டும். அவனால இன்னொரு அசிங்கம் இந்த வீட்டுல நடந்துச்சு, அன்னிக்கே வெளிய. அவன் வளக்கிற அந்தப் பிசாசும் கூடவே போகணும்."

"பெத்த பிள்ளைய அழைக்கப் போறீங்க. நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா?"

"நல்ல வார்த்தை எல்லாம் சொல்லித்தான் அவன வளத்தேன்."

அவர் போய்விட்டார். மதியச் சாப்பாட்டுக்கு மகனோடு திரும்புவார்.

மனிதர் சொன்னதைச் செய்கிறவர் என்பது இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? வெளியே என்றால் அது வாசலோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை. விடுதலையாகி வருகிறவன் பதிவு செய்த வீட்டிலேயே தங்கியாக வேண்டும். வீடு இல்லை என்று ஆனால் திரும்பவும் உள்ளே போக வேண்டியதுதான். அப்புறம் அவன் தேற மாட்டான் என்று பிலோமினம்மாள் நிச்சயமாக நம்பினாள். போன மாதம் பார்க்கப் போனபோது அவன் கண்ணில் அதைப் பார்த்திருந்தாள்.

சரி, அந்தப் பிசாசு யார்?

அலெக்சின் அறையில், பழைய மீன்தொட்டி ஒன்றில் மண்ணும் மரப்பட்டையும் போட்டு வளர்த்து வந்த எட்டுக்கால் பூச்சி. டாரன்டுலா என்பான் அவன். நம் வீட்டு மூலையில் நூல் விடுகிற சாதி இல்லை. கால்களை விரித்தால் ஓர் ஆள் உள்ளங்கையை மூடிவிடும். மண்டாய் பக்கம் பழைய ரப்பர் மரப் பொந்திலிருந்து பிடித்து வந்தான். காலில் வெளிச்சம் பட்டால் நீலமாக மின்னும் என்பதால் நீலி என்று பேர் வைத்தான். வேதக்காரன் வீட்டில் நீலியா என்று அருளானந்தம் குதித்தார்.

பிலோமினம்மாளுக்கும் அதைக் கண்டால் குலை நடுக்கம்தான். ஆனால் அலெக்ஸ் ஒரு நாள் சொன்னது அவள் மனசில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. "இதுக்குத் தீனி போடணும்னு நெனப்பு இருக்கிற அன்னிக்கு நான் சாமான் பக்கம் போறதில்லம்மா" என்றான். அதற்கப்புறம் அவள் அதை வெறுக்கவில்லை. மாதாமாதம் பார்க்கப் போகும்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி, "நீலி இருக்கா?" என்பதுதான். அம்மா எப்படி இருக்கிறாள் என்பது இரண்டாவது.

மகள் உர்சுலாதான் ஜாலான் புசார் பறவைக் கடையில் வெட்டுக்கிளி வாங்கி வந்து போடுவாள். எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஷிஃப்டு வேலை. நைட் ஷிஃப்டு முடித்து வந்து இப்போதுதான் கூடத்து சோபாவில் சாய்ந்திருந்தாள். கொஞ்ச நாளாகவே பெண் இளைத்துப் போயிருந்தாள். ஷிஃப்டு வேலை ஆளைத் தின்கிறது என்று பிலோமினம்மாள் பார்க்கிறவர்களிடம் எல்லாம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

அடுப்பில் மீன் குழம்பு கொதித்தது. தவக்காலத்தில் ஆட்டுக்கறி சமைக்க முடியாது. பிள்ளை வருகிறான் என்று வாவல் மீனாகப் பார்த்து வாங்கியிருந்தாள். தீயைக் குறைத்துவிட்டு, நீலிக்குப் புதுத் தண்ணீர் வைக்கலாம் என்று அலெக்சின் அறைக்குப் போனாள்.

நீலி மரப்பட்டையின் மேல் கிடந்தது. அசைவில்லை. அது எப்போதுமே அப்படித்தான், மணிக்கணக்கில் அசையாது. ஆனால் இன்று அதன் நிறம் வெளுத்து, கால்கள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. பெட்டியின் மேல் இருக்கும் வலைச் சட்டம் ஓரமாக விலகியிருந்தது. சட்டத்தை அழுத்தி வைக்கும் செங்கல் தரையில் இருந்தது.

பிலோமினம்மாள் குனிந்து பார்த்தாள். செத்துவிட்டதா? இன்றைக்கா? துடைப்பக் குச்சி ஒன்றை முறித்து வந்து மெதுவாகத் தொட்டாள். அது காகிதமாக உருண்டு விழுந்தது. முதுகு பிளந்திருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. கால், நகம், பல் எல்லாம் அச்சாக அப்படியே இருந்தன. வெறும் தோல்.

தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு நீலி வெளியே போயிருந்தது.

"உர்சு! ஏய் உர்சு! இங்க வா!"

உர்சுலா கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்தாள், செங்கல்லைப் பார்த்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து நீதானே தீனி போட்டே?"

"வேலைக்குப் போறதுக்கு முன்னாடி போட்டேன்மா. கல்லு வெச்சேன்னுதான்... தெரியல. வெச்ச மாதிரி இருந்துச்சு."

"வெச்ச மாதிரியா? எங்கடி இருக்கு உன் புத்தி? உங்க அண்ணன் வர்ற அன்னிக்கா?"

"சோரிம்மா. தூக்கமே இல்லம்மா எனக்கு."

திட்ட நேரமில்லை. முந்தின இரவே வெளியேறியிருக்கலாம். குளியலறை ஓட்டை, ஜன்னல், சமையலறைக் குப்பைத் தொட்டிக் குழாய் என்று போகிற வழிக்கா பஞ்சம்? அந்தக் குழாயில் விழுந்திருந்தால் அவ்வளவுதான், கீழ்த்தளம் வரை ஒரே பள்ளம். பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தால் அதைவிட மோசம். சரஸ்வதியின் பிள்ளை தாழ்வாரத்தில் தவழ்கிறது. அதைக் கடித்து வைத்தால் ஊரே திரளும். அருளானந்தம் சொன்ன அசிங்கம் அதுதான். மகன் வாசல்படி ஏறுமுன்பே வெளியேற வேண்டியிருக்கும்.

"ஃபேன நிறுத்து," என்றாள் முதலில்.

"வேர்க்குதும்மா."

"வேர்க்கட்டும். அது மேல ஏறுற சாதி. அடிபட்டுச்சுன்னா துண்டு துண்டாப் போயிடும்."

இதெல்லாம் அலெக்ஸ் சொல்லிக் கொடுத்ததுதான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, பேசக் கொடுத்த சொற்ப நேரத்தில் பாதியை இதற்கே செலவழிப்பான். அப்போது அவளுக்கு ஆத்திரமாக வரும். இப்போது ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டாள். தப்பிப் போனால் ஓடிப் பிடிக்காதீங்க. கையால எடுக்காதீங்க, கடிச்சா நாள் கணக்கா வலிக்கும். இருட்டா, ஒடுக்கமா, யாரும் தொந்தரவு பண்ணாத இடமாத்தான் தேடிப் போகும். கீழ விழவிடாதீங்க, வயிறு கிழிஞ்சா செத்துப்போகும். தோல் உரிச்ச புதுசுல உடம்பு மெத்துனு இருக்கும், அமுக்கிடாதீங்க.

கதவு இடுக்குகளில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்தார்கள். ஜன்னல்களை அடைத்தார்கள். குப்பைக் குழாய் மூடிமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். அப்புறம் டார்ச் லைட்டோடு தேட ஆரம்பித்தார்கள். அலெக்சின் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், தொங்குகிற சட்டைகளுக்குள், காலணிகளுக்குள். பிலோமினம்மாள் ஒவ்வொரு பெட்டியையும் மெதுவாகத் தூக்கி மெதுவாக வைத்தாள். கையைப் பார்க்காமல் எங்கேயும் நீட்டவில்லை. அது கடித்துவிடும் என்கிற பயம் பாதி, அது கிடைக்காமல் போய்விடும் என்கிற பயம் பாதி.

அறை முடிந்தது. சமையலறை முடிந்தது. பாத்திரங்களை எல்லாம் இறக்கிப் பார்த்தாயிற்று.

"கூடத்தப் பாக்கணும்," என்றாள்.

"ஹால்ல நான் பாத்துட்டேன்மா. நீங்க உங்க ரூம்ல பாருங்க."

"எப்ப பாத்தே?"

"இப்பத்தான்மா, நீங்க கிச்சன்ல இருக்கும்போது."

வாசல் கிரில் கம்பியைத் தட்டும் சத்தம். இரண்டு பேரும் விறைத்துப்போனார்கள். நல்லவேளை, பக்கத்து வீட்டுச் சரஸ்வதி, இடுப்பில் பிள்ளை.

"அக்கா, என்ன கதவு ஜன்னல் எல்லாம் அடைச்சு வெச்சிருக்கீங்க? வேர்த்து ஊத்துது உங்களுக்கு."

"மகன் வர்றான்ல. வீட்டத் தட்டிக் கொட்டிச் சுத்தம் பண்றோம்."

"கரப்பான் இருக்கா? எங்கிட்ட ஸ்ப்ரே இருக்கு லா. புதுசு. ஒரு மூலை விடாம அடிச்சா எல்லாம் மல்லாந்துடும்."

"வேணாம் சரசு!" குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. "மீன் குழம்பு திறந்து கிடக்கு. அப்புறமா வாங்கிக்கறேன்."

சரஸ்வதி ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். இன்றைக்குச் சாயங்காலம் இதுவும் தாழ்வாரம் முழுக்கப் பேச்சாகும். ஆகட்டும்.

அருளானந்தத்தின் அறையிலும் இல்லை. உர்சுலாவின் அறையிலும் இல்லை. வெயில் ஏறிவிட்டது. இந்நேரம் அவர் அலெக்சை அழைத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். பிலோமினம்மாள் கூடத்தில் வந்து நின்றாள். தொலைந்த பொருளுக்குக் கோடி அற்புதர் அந்தோனியாரைத்தானே கூப்பிட வேண்டும்? பீடத்தைப் பார்த்துக் கை கூப்பினாள்.

கூடத்துச் சுவரில் உயரமாக அடித்த பலகைதான் அவர்கள் வீட்டுப் பீடம். திரு இருதயப் படம், மாதா சுரூபம், அந்தோனியார். தவக்காலத்துக் கடைசி இரண்டு வாரம் எல்லாவற்றையும் ஊதாத் துணி போட்டு மூடிவிடுவாள். கோவில்களிலேயே இப்போது பல பேர் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள், அவள் விடவில்லை. சனி இரவு அல்லேலூயா பாடும்வரை அந்தத் துணியில் யாரும் கை வைக்கக் கூடாது. பிள்ளைகள் தவழ்ந்த காலத்திலிருந்து வீட்டுச் சட்டம் அது.

வீட்டையே தலைகீழாகப் புரட்டியவர்கள் இருவரும் அந்தத் துணிக்குப் பின்னால் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்று பிலோமினம்மாளுக்குத் தோன்றக்கூட இல்லை.

இப்போது கை கூப்பியபடி நிமிர்ந்து பார்த்தவளுக்கு, துணியின் மேல் ஓரத்தில் சுவரோடு சேர்த்து வெள்ளையாக என்னவோ படர்ந்திருப்பது தெரிந்தது. டார்ச்சை அடித்தாள். புது நூல். இருட்டு, ஒடுக்கம், யாரும் தொந்தரவு பண்ணாத இடம்.

"உர்சு, அந்த முக்காலிய எடு."

"எதுக்கும்மா?"

"துணிக்குப் பின்னால இருக்கு."

உர்சுலா நகரவில்லை. "அதத் தொடாதீங்கம்மா. அல்லேலூயாவுக்கு முன்னாடி எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"ஆண்டவர் மன்னிப்பார். உங்கப்பா மன்னிக்க மாட்டார். எடு."

"நான் எடுக்கறேன்மா. நீங்க கீழ நில்லுங்க. ப்ளீஸ்மா."

வெட்டுக்கிளி போடவே குச்சியால் தள்ளுகிறவள், இப்போது தானே எடுக்கிறேன் என்கிறாள். இந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது என்று ஒரு கணம் தோன்றியது. நின்று யோசிக்க நேரமில்லை. தானே முக்காலியை இழுத்துப் போட்டாள்.

முறுக்கு போட்டு வைக்கும் சிவப்பு மூடி பிளாஸ்டிக் போத்தலைக் காலி செய்து உர்சுலாவின் கையில் கொடுத்தாள். நாட்காட்டியின் அட்டையைக் கழற்றினாள். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குச் சாயம் பூசிய பிரஷ்களில் மெத்தென்று இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டாள். "மாதாவே, மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்தபடி முக்காலியில் ஏறி, ஆணியில் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து, துணியை ஓரமாக விலக்கினாள்.

நீலி இருந்தது. மாதா சுரூபத்துக்குப் பின்னால் சுவரில் கால் விரித்து ஒட்டிக்கொண்டிருந்தது. தோல் உரித்த புதுசு. அந்த நீலத்தை அவள் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. பார்க்க அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதன் முன்னங்கால் ஒன்று எதன் மேலோ ஊன்றியிருந்தது. சுரூபத்துக்கும் சுவருக்கும் நடுவில் செருகியிருந்த சின்ன பிளாஸ்டிக் பொட்டலம். உள்ளே ஈயத்தாள் மின்னியது.

பிலோமினம்மாளுக்கு அது என்னவென்று தெரியும். போன வருஷம் அதிகாரிகள் இதே கூடத்து மேசையில் இதே சாமான்களைப் பரப்பி வைத்து, "இது என்ன தெரியுமா?" என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் முதலில் நீலி. நீலி கைக்கு வரட்டும்.

பிரஷ்ஷை அதன் பின்னங்காலுக்குப் பக்கத்தில் மெல்ல வைத்தாள். கண் இமைக்கும் நேரம்தான். நீலி பாய்ந்து அவள் புறங்கையில் ஏறி, முழங்கையைத் தாண்டி, ரவிக்கைக் கையின் விளிம்பில் வந்து நின்றது.

உதறிவிடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. உதறினால் தரையில் விழும், வயிறு கிழியும். அசையாதீங்கம்மா, அதுக்கு நீங்க ஒரு மரம்தான் என்றிருந்தான் அலெக்ஸ். மரமாக நின்றாள். எட்டுக் கால்களும் தோலில் குத்தி நிற்பது தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணீர் தானாக வழிந்தது. அது எதற்கான கண்ணீர் என்று அவளுக்கே தெரியவில்லை.

"போத்தலக் கிட்ட கொண்டா," என்றாள் உதடு அசையாமல்.

உர்சுலா தூக்கிப் பிடித்தாள். அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் போத்தல் பலகையில் தடதடவென்று இடித்தது. பயத்தில் வருகிற நடுக்கம் வேறு, இது வேறு. அலெக்சின் கை இப்படி நடுங்கிப் பார்த்திருக்கிறாள்.

"இங்க குடு," என்று மறு கையால் வாங்கிக்கொண்டாள்.

கையை மெதுவாக நீட்டிச் சுவரோடு சேர்த்து வைத்தாள். காத்திருந்தாள். நீலி ஒரு காலைச் சுவரில் வைத்துப் பார்த்தது. இன்னொரு கால். பிறகு முழுசாகச் சுவருக்கு நகர்ந்தது. அது நின்றதும் போத்தலின் வாயை அதற்கு மேல் வட்டமாகக் கவிழ்த்தாள். ஒரு கால் நுனி விளிம்புக்கு வெளியே இருந்தது. விளிம்பை மயிரிழை உயர்த்தி, அது காலை உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை பொறுத்தாள். அப்புறம்தான் நாட்காட்டி அட்டையைச் சுவருக்கும் போத்தலுக்கும் இடையில் செருகினாள்.

போத்தலை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் இறக்கி, அட்டையை உருவினாள். நீலி நடந்து போய் மரப்பட்டைக்கு அடியில் புகுந்துகொண்டது. சட்டத்தை மூடிச் செங்கல்லை வைத்தாள். கால்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு கீறல் இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவள் திரும்பக் கூடத்துக்கு வந்து, முக்காலியில் ஏறி, மாதாவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். கரி படிந்த ஈயத்தாள். அளவாக வெட்டிய உறிஞ்சுகுழல். மடித்த தாளில் மிச்சம் கொஞ்சம் தூள்.

பீடத்தைத் துடைத்துத் துணி கட்டியது அவளேதான், போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு. அப்போது அங்கே எதுவும் இல்லை. அலெக்ஸ் அந்நேரம் பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தான். யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று தெரிந்து வைக்க வேண்டுமானால், அவள் சட்டம் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும்.

"எப்பலேருந்து?" என்றாள்.

உர்சுலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணன் போனப்புறம்தான்மா. நைட் ஷிஃப்டுல தூக்கம் வரும். மைக்ராஸ்கோப்பப் பாத்துப் பாத்துத் தலை வெடிக்கும். கூட வேலை செய்யற பொண்ணு ஒருத்தி, சும்மா ட்ரை பண்ணிப் பாருன்னு... விட்டுடுவேன்மா. சத்தியமா விட்டுடுவேன். ஈஸ்டருக்கு அப்புறம் தொட மாட்டேன்."

"அண்ணனப் பாத்தும் உனக்குப் புத்தி வரலையா?"

"அப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா. என்னையும் உள்ள போட்டுடுவாங்கம்மா."

பிலோமினம்மாள் கையை ஓங்கினாள். அடிக்க வரவில்லை. இளைத்துப்போன அந்தத் தோளைப் பார்த்தாள். ஷிஃப்டு வேலை ஆளைத் தின்கிறது என்று தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது நினைவுக்கு வந்தது.

வாசலில் சாவிச் சத்தம்.

அருளானந்தம் முன்னால் வந்தார். பின்னால் அலெக்ஸ். ஒட்ட வெட்டிய தலை, தொளதொளத்த சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. "அம்மா" என்றான். ஒரு வருஷத்துக்கு அப்புறம் தடுப்பு இல்லாமல் கேட்கிற குரல். அவள் போய்க் கட்டிக்கொண்டாள், ஒரு கையால் மட்டும். இன்னொரு கை இறுக்க மூடியிருந்தது.

"நீலி இருக்காம்மா?"

"இருக்குடா. தோல் உரிச்சிருக்கு. போய்ப் பாரு."

அவன் அறைக்குள் எட்டிப் பார்த்தான். அந்த முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்கத்தான் அவள் காலையிலிருந்து செத்துப் பிழைத்தாள். அதைப் பார்த்தும் விட்டாள். நீடிக்கவில்லை.

"துணிய யார் அவுத்தது?" அருளானந்தம் பீடத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"தூசி தட்டினேன்."

"பெரிய வாரத்துலயா? நீயா?" அவர் பார்வை கீழே இறங்கி அவள் கையில் நின்றது. "கையில என்ன பிலோமி?"

"ஒண்ணுமில்லீங்க."

அவர் மணிக்கட்டைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அது என்னவென்று அவருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போன வருஷம் அந்த மேசைக்குப் பக்கத்தில் அவரும்தான் நின்றார்.

அலெக்ஸ் அறை வாசலில் வந்து நின்றான். பொட்டலத்தைப் பார்த்தான். தரையில் சுருண்டு உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தான். அந்தக் கண்ணையும் அந்த மூக்கு உறிஞ்சலையும் அவன் பல வருஷம் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். புரிந்துகொள்ள அவனுக்கு ஒரு பார்வை போதும்.

"என்னுதுதான்பா," என்றான். "போன வருஷம் பெட்டி மண்ணுக்கு அடியில பொதச்சு வெச்சிருந்தேன். அம்மா சுத்தம் பண்ணும்போது கெடச்சிருக்கும்."

"அலெக்ஸ்!" என்றாள் பிலோமினம்மாள்.

அவன் அவளைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தான். வேண்டாம் என்று.

அருளானந்தம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கிரில் கதவை அகலமாகத் திறந்து வைத்தார். "சாமியார் முகத்துக்காகத்தான் உன்னக் கூட்டிட்டு வந்தேன். சொன்னது ஞாபகம் இருக்கும். உன் பெட்டியையும் எடுத்துக்க."

அலெக்ஸ் செருப்பைக் கழற்றவே இல்லை. உள்ளே போய் கண்ணாடிப் பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். சமையலறையிலிருந்து மீன் குழம்பு வாசம் வந்தது. அவன் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போனான். அவர்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. லிஃப்ட் நிற்கிற கீழ் மாடி வரை கனமான பெட்டியோடு படி இறங்க வேண்டும். ஒவ்வொரு படியாக அவன் இறங்குகிற சத்தம் கேட்டது.

பிலோமினம்மாள் மகளைப் பார்த்தாள். உர்சுலா முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் என்று இவள் சொல்லப் போவதில்லை. வாய் திறந்து சொன்னால் இவள் போக வேண்டும். சொல்லாவிட்டால் அவன் போகிறான், செய்யாத தப்புக்கு. பத்து மாதம் சுமந்ததில் இவனுக்கு ஒரு கணக்கு, இவளுக்கு ஒரு கணக்கா? என்ன பாவம் செய்தேன் என்று மனசுக்குள் அரற்றினாள். படிச் சத்தம் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.

"அது அவனுது இல்லீங்க," என்றாள்.

அருளானந்தம் நிமிர்ந்தார். "பின்ன யாருது?"

அவளால் பேரைச் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு வருஷமாக இருந்தவர்கள் மூன்றே பேர். அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"உர்சுலா," என்றார். "எந்திரிச்சு இங்க வா."

அவர் குரல் அப்போதும் உயரவில்லை. உர்சுலா எழுந்திருக்கவில்லை. ஓடிப்போய் மகனைத் தடுப்பதா, இங்கேயே நின்று மகளை மறைப்பதா என்று தெரியாமல் பிலோமினம்மாள் கிரில் கம்பியைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். கீழ் மாடியில் லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.